சரசக்கா ஏறினால் நிற்கும் காடி

காருக்கு எங்கள் ஊரில் காடி என்று பேர். அந்தக் காடி வயரிங் வேலையில், ஒரேயடியாகச் செத்துப்போன எஞ்சின் வந்தால் எங்களுக்குத் திருவிழா. எப்போதாவது மட்டும் சாகிற எஞ்சின் வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. வீட்டில் இரவெல்லாம் இருமிய பிள்ளை டாக்டரைக் கண்டதும் கெக்கெக்கே என்று சிரிக்க, அசடு வழிய நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். உட்காருங்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் மலேசியாவின் ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் வயர்மேன். இன்ஜெக்‌ஷன் காடிகள் அப்போதுதான் ஒன்றிரண்டு வரத் தொடங்கியிருந்தன. எஞ்சினைச் சுற்றியுள்ள சென்சர்கள் சூட்டையும் காற்றையும் அளந்து ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும்; பெட்டி பெட்ரோலை அளந்து விடும். நடுவில் ஒரே ஒரு வயர் கண் சிமிட்டினால் போதும், எஞ்சின் படுத்துவிடும். மறு நிமிடம் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

பட்டறைக்கு வந்தால் நல்ல பிள்ளை

சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முருகையா பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் தலைமைக் கணக்கர். வேலையை விட்டுப் போன தோட்ட மேனேஜரிடமிருந்து அப்படி ஒரு காடியை வாங்கியிருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று நின்றுவிடுகிறது, இறங்கி ஏறி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது என்றார். நான் தனியாக எடுத்துக்கொண்டு தஞ்சோங் ரம்புத்தான் வரை போய் வந்தேன். பட்டுப் போல ஓடியது. மேட்டில் ஏற்றினேன், பள்ளத்தில் இறக்கினேன், எஞ்சினில் தண்ணீர் தெளித்தேன். அசையவில்லை.

“ஒன்னும் இல்லையே அண்ணே” என்றேன். இந்த மூன்று சொல்லைச் சொல்லும்போது எங்கள் முகத்தில் ஒரு டாக்டர் களை வந்துவிடும். அதற்காக நான் பின்னாளில் வெட்கப்பட்டிருக்கிறேன். கிராணி என்னையும் காடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, நான் பொய் சொல்றேன்னு நெனைக்காத. இது உன் மூஞ்சியப் பாத்தா நடிக்குதுலா.”

எஞ்சினுக்கு அலங்காரம்

அடுத்த முறை சூட்டின் மேல் சந்தேகம் வந்தது. சில சென்சர்கள் சூடேறினால் உள்ளே விட்டுப்போகும். பக்கத்துக் கடை சலூன் மேரியக்காவிடம் முடி உலர்த்தும் மெசினை இரவல் வாங்கி, ஒவ்வொரு சென்சராகக் காட்டினேன். ஒரு மணி நேரம் நின்றேன். என் சட்டைதான் நனைந்தது. கடைசியில் ஒன்றும் பிடிபடாமல், சூட்டை அளக்கும் சென்சரை மாற்றிவிட்டேன். ஏதாவது ஒன்றை மாற்றாமல் அனுப்பினால் வேலை செய்தது போலவே இருக்காது. இது எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்குப் புரியும்.

மெசின் வராததால் தேடி வந்த மேரியக்கா, பானட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஷாம்பு போடாம காய வெச்சா அழகு வராது தம்பி.”

நான் அடித்த ஜோக்

இரண்டே வாரம். கிராணி மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை நோட்டுப்புத்தகத்தோடு. கணக்கர் அல்லவா, காடி நின்ற இடம், நேரம், வெயிலா மழையா எல்லாம் எழுதி வைத்திருந்தார். ஒன்றும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. வெயிலிலும் நின்றிருக்கிறது, மழையிலும் நின்றிருக்கிறது. கடைசியில் அவரே தலையைச் சொறிந்துகொண்டு, “ஒன்னு சொன்னா சிரிக்காத. எல்லாத் தடவையும் வீட்டுக்காரி கூட இருந்தா” என்றார்.

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். “அப்ப அக்காவ எறக்கி வுட்டுட்டு ஓட்டுங்க அண்ணே, சரியாப் போயிடும்” என்றேன்.

அவர் அதைப் பட்டறை சொன்ன வைத்தியமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் அக்காவை ஏற்றவேயில்லை. காடி ஒரு தடவைகூட நிற்கவில்லை. கிராணி நன்றி சொல்ல ஒரு பை மங்கூஸ்தீன் கொண்டுவந்து கொடுத்தார். பழத்தைப் பிதுக்கிக்கொண்டே நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோளாறு எங்கேயோ அப்படியே உட்கார்ந்திருக்கிறது, நான் அதைத் தொடவே இல்லை. எங்கள் முதலாளி லியோங் தவுக்கே இரண்டாவது பழத்தை எடுத்துக்கொண்டே மலாயில் கேட்டார்:

“காடி ஓடுது, கஸ்டமர் சிரிக்கிறான், பழம் இனிக்குது. உனக்கு என்ன வியாதி?”

சரசக்கா பஸ்ஸில் வந்தார்

ஒரு வியாழக்கிழமை பட்டறை வாசலில் ஒரு அம்மா குடையை மடக்கிக்கொண்டு நின்றார். கிராணியின் மனைவி சரசக்கா. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

மகளைப் பாகான் டத்தோவில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தலைப்பிரசவம். வருகிற ஞாயிறு வளைகாப்பு. முதல் வளையலை அம்மா போட வேண்டும். ஆனால் ‘அவள் ஏறினால் காடியே நிற்கிறது’ என்ற பேச்சு தோட்டத்திலிருந்து சம்பந்தி வீடு வரை போய்விட்டது. ஓடுகிற காடியை நிறுத்துகிற கை, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வளையல் போடலாமா என்று அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். கிராணி அதற்கு வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்கே தன் மேல் பயம் வந்துவிட்டது. போகவே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டாராம்.

ஜோக் என்னுடையது, தண்டனை அவருக்கு. எனக்கு ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நீ மெசினு படிச்சவன். நெசமாவே என்னாலதானா தம்பி?”

மூன்று பேர் போன பயணம்

சனிக்கிழமை காடியைக் கொண்டுவரச் சொன்னேன், அக்காவோடு. இத்தனை மாதமும் நான் தனியாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அக்கா முன்னால், கிராணி ஓட்ட, நான் பின் இருக்கையில். காற்றை அளக்கும் சென்சரிலிருந்து நீள வயர் இழுத்து, ஜன்னல் வழியாகக் கொண்டுவந்து, மடியில் மீட்டரை வைத்துக்கொண்டேன். காம்பார் சாலையில் போனோம். அக்கா வாய்க்குள் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே வந்தார். முள் ஆடவில்லை. காடி நிற்காவிட்டால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? நின்றால் என்ன சொல்வது?

கோப்பெங் தாண்டி ஒரு வளைவில் கிராணி, முன்னால் போன மணல் லாரியை முந்தப் போனார். எதிரே பஸ்.

“ஐயோ, மெதுவாப் போங்களேன்!” என்று கத்தினார் அக்கா. அதே நொடி மீட்டர் முள் செத்து விழுந்தது. எஞ்சின் நின்றது. காடி தானாக உருண்டு புல்லோரம் ஒதுங்கியது. கிராணி திரும்பி, “பாத்தியா? பாத்தியா?” என்றார். அக்கா முகத்தை மூடிக்கொண்டார்.

நான் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தேன். அக்காவின் இரண்டு காலும் விறைத்து, முன் பலகையை முட்டி மிதித்துக்கொண்டிருந்தன. “அக்கா, கால எடுங்க” என்றேன். எடுத்தார். முள் எழுந்தது. “மறுபடி மிதிங்க.” முள் விழுந்தது.

அந்தப் பலகை மேலிருந்த கார்பெட்டைத் தூக்கினேன். கம்ப்யூட்டர் பெட்டி அங்கேதான் இருந்தது. அதிலிருந்து சென்சருக்குப் போகும் வயர், மேல் தோல் நன்றாக இருக்க, உள்ளே செம்பு முறிந்திருந்தது. சும்மா இருந்தால் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும்; மிதித்தால் விலகும். புருஷன் வேகமாக ஓட்டும்போதெல்லாம் அக்கா, தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்திருக்கிறார்.

கிராணி குனிந்து அந்த வயரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கெளம்பணும் சரசு. முன்னாலயே ஒக்காரு. அங்க யாரு கேட்டாலும் நான் பேசிக்கிறேன்” என்றார். நான் ஈயம் வைத்து வயரை ஒட்டக் குனிந்தபோது அக்கா என் தோளைத் தொட்டார். இப்போது சிரிப்பும் அழுகையுமாக இருந்தது அந்த முகம்.

“முப்பது வருசமா மிதிக்கிறேன் தம்பி, இவரு ஒரு நாளும் நின்னதில்ல. இந்தக் காடி ஒன்னுதான் கேட்டுச்சு. அத ஒட்டாம அப்படியே வுட்டுர முடியாதா?”

காடியிடம் மீட்டர் வைத்து ஆயிரம் கேள்வி கேட்ட நான், அதில் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரிடம் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை என்ற பழுதுக்கு, இந்த ஐம்பத்தாறு வயதிலும் எனக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்கவில்லை.