மாமன் மகளும் ஆய்வக எலிகளும்

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் என் மனைவி திரி செருகும் வேலையில் இருந்தாள். பக்கத்து அறை வெடித்தபோது பறந்து வந்த தகரம் அவளுடைய வலது மேல்கையைக் கிழித்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுப் போயிருந்தன. கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயில் ஒரு துண்டையே காணோம், வேறு குழாய் வைத்து இணைக்காவிட்டால் கையை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டரம்மா.

எங்கள் பக்கத்தில் வெடி விபத்து என்றால் கூப்பிடும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். கம்பெனி வேனோ லோடு ஆட்டோவோ, கிடைத்ததில் ஏறி ரத்தம் கொடுக்க ஒரு கூட்டமே வந்து நிற்கும். அன்றும் வந்தார்கள், கையில் ஒட்டிய பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடரைக்கூடக் கழுவாமல். காலில் இருந்து குழாய் எடுத்து வைப்பார்களாம் என்று கேள்விப்பட்டதும் ஆளாளுக்கு வேட்டியையும் பேண்டையும் சுருட்டிக் காலைக் காட்டினார்கள். நான் முந்திக்கொண்டேன்.

"என் கால்ல எடுங்க டாக்டரம்மா. எனக்கும் அவளுக்கும் ஒரே குரூப்பு. அவ எங்க மாமன் மக. ஒரே ரத்தம்."

"ரத்தம் கொடுங்க, போதும். குழாயை அவங்க கால்ல இருந்தே எடுத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. கட்டின புருசன் அந்நியனா? நான் கொஞ்சம் முன்கோபி. ஆபரேஷன் முடிந்து அவர் வெளியே வந்ததும் அதையே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எலிகளைப் பற்றிச் சொன்னார்.

ஆய்வகத்தில் ஒரு எலியின் ரத்தக்குழாயை எடுத்து இன்னொரு எலிக்கு வைத்துத் தைப்பார்களாம். முதலில் ரத்தம் நன்றாகத்தான் ஓடுமாம். பிறகு அது வேற்றுக் குழாய் என்று உடம்பு கண்டுபிடித்துவிடும். ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கூடி வந்து தாக்க, குழாயின் சுவர் வீங்கும், உள்வழி குறுகும், அடைத்தும் போகும். ஒரு தாய் வயிற்றுக் குட்டிகளுக்குள் மாற்றினாலும் பெரும்பாலும் இதே கதிதான். தலைமுறை தலைமுறையாக அண்ணன் தங்கையையே இணைசேர்த்து, அச்சடித்தாற்போல் ஆக்கிய எலிகளுக்குள்தான் இந்தச் சண்டை வராது. "மாமன் மகள் எல்லாம் பத்தாது" என்று சிரித்தார்.

சொந்தக் குழாயை இடம் மாற்றி வைத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளுமாம். காலில் சாவகாசமாக ரத்தம் கொண்டுபோன அந்த மெல்லிய குழாய், இதயம் தள்ளுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்கத் தன் சுவரைத் தானே தடிப்பாக்கிக்கொள்ளுமாம். அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாள் முழுக்க வெடிமருந்துப் புழுதியில் உட்கார வைக்கிற இந்த உடம்புக்குள் இம்புட்டு விவரமா! கோபம் போன இடம் தெரியவில்லை. பயம் மட்டும் போகவில்லை. ஓட்டம் நின்றுவிட்டால் கை தங்காது என்றும் அவர் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் என்னை உள்ளே விட்டார்கள். கட்டுக்கு வெளியே விரல்கள் மட்டும் தெரிந்தன. தொட்டேன். கதகதவென்று இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கண்ணைத் திறந்தாள். "கால்ல இருந்து எடுத்து வச்சிருக்காகளாம்ல. யாரு குடுத்தாக? அவுகளுக்கு நாம என்னத்தச் செய்யப் போறோம்?"

"நீதான் புள்ள குடுத்த. வேற யாரு குடுத்தாலும் உன் கை ஏத்துக்கிடாதாம். நான் குடுத்தாக்கூட."

கட்டுப்போட்டிருந்த தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நானா?" என்றாள், தன்னைப் பற்றியே முதல் தடவையாக ஆச்சரியப்பட்டவளாக. அந்த விரல்கள் என் கையை மெல்லப் பிடித்தன.