இங்கிலாந்து அரண்மனையும் எங்கள் தெருவும்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவனியாபுரத்தில் கேட், கிரில் செய்கிற பட்டறை வைத்துப் பிழைத்தேன். இன்றைக்கும் காலையில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வில்லாபுரம் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். அறுநூறு எழுநூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்து ராஜா ஒருவரை எனக்குத் தெரியும், அவர் அரண்மனையில் யாருக்கும் யாருக்கும் தொடர்பு என்று ஊர் பேசியதும் தெரியும் என்று சொன்னால் பட்டறைப் பக்கம் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பெண் சொல்லித் தெரிந்தது அது.

என் வீட்டுக்காரி இரண்டு வருசத்துக்கு முன் ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் ஓசூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். வீட்டில் மனுசக் குரல் கேட்கட்டும் என்று டிவியில் பக்திச் சேனலைப் போட்டுவிட்டு நான் அடுப்படியில் நிற்பேன். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் பேசியது கணக்குப் பார்த்தால் காய்க்காரரிடம் சொன்ன "அரைக் கிலோ போடுங்க" மட்டும்தான் இருக்கும்.

மாடியில் இருந்தவர்கள் வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசுவார்கள். புருசன் சூரத்தில் சேலைக் கம்பெனியில் வேலை, வருசத்துக்கு இரண்டு தடவை வருவார். அந்தப் பெண்ணும் நாலாவது படிக்கிற மகளும்தான் இருந்தார்கள். என் வீட்டுக்காரியை 'மதினி' என்பாள், என்னை 'அண்ணே'. தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். பரிட்சை பசுமலையில் ஒரு கல்லூரியில். போன வருசம் மகளுக்குக் காய்ச்சல் வந்து ஒரு பாடம் எழுத முடியாமல் போய்விட்டது.

"இந்தத் தடவை முடிக்கணும்ணே. இல்லைன்னா அதோட விட்டுரணும்னு எங்க மாமியார் வீட்டுல சொல்லிட்டாங்க" என்றாள் ஒருநாள்.

அந்தப் பாடம்தான் இங்கிலாந்து வரலாறு. சாயங்காலம் விளக்கேற்றின பிறகு அவள் மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்காருவாள், நான் கீழே நாற்காலியில். தெருவாசல் திறந்தே கிடக்கும், மகள் நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். புத்தகம் என் கையில் இருக்கும். நான் எழுத்துக்கூட்டிக் கேள்வியை வாசிப்பேன், அவள் பார்க்காமல் பதில் சொல்வாள். சட்டம், வரி, சண்டை எல்லாம் எனக்குக் கொட்டாவிதான். அரண்மனைப் பேச்சு வந்தால் மட்டும் முழித்துக்கொள்வேன்.

ஒரு ராஜா. அவருடைய அம்மாவே கடல் தாண்டிப் போய் இன்னொரு பிரபுவோடு படை திரட்டி வந்து சொந்தப் புருசனைச் சிறையில் போட்டதாம். அந்த அம்மாவைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. பிள்ளை வளர்ந்து ராஜாவானான், அவனைப் பற்றியும் பேச்சு. வயசான காலத்தில் அவர் சாகக் கிடக்கும்போது, சேர்த்துவைத்திருந்த பெண்பிள்ளையே அவர் விரலில் இருந்த மோதிரத்தையெல்லாம் உருவிக்கொண்டு போய்விட்டாளாம்.

"யாரு பாத்தது?" என்றேன்.

"மடத்துச் சாமியார் ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு."

"அவரு அங்கன இருந்தாரா?"

"இல்லண்ணே. கேள்விப்பட்டு எழுதினது."

"மடத்துக்குள்ள உக்காந்துக்கிட்டு எம்புட்டு விசயம் கேள்விப்பட்டிருக்காரு."

"எங்க சின்ன நாத்தனார் மாதிரி" என்று அவள் சிரித்தாள். மகளும் எதற்கென்று தெரியாமலே சிரித்தது.

அதே ராஜா வாலிபத்தில் இருந்தபோது ஒரு விருந்து. ஒரு பிரபுவின் சம்சாரம் ஆடிக்கொண்டிருக்கையில், காலுறை நழுவாமல் இருக்க முழங்காலுக்குக் கீழே கட்டுகிற நாடா அவிழ்ந்து விழுந்துவிட்டது. ராஜாவுக்கும் அந்த அம்மாவுக்கும் தொடர்பு என்று ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்ததால் சபையே சிரித்ததாம். ராஜா குனிந்து அந்த நாடாவை எடுத்துத் தன் காலில் கட்டிக்கொண்டு, தப்பாக நினைக்கிறவனுக்குத்தான் வெட்கம் என்றாராம்.

"சபை?"

"கப்சிப். இது நடக்கவே இல்லை, பின்னால கட்டிவிட்ட கதைன்னும் சொல்றாங்க."

"சரிம்மா, அந்தப் பொம்பளை என்ன சொல்லுச்சு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது நோட்ஸ்ல இல்லைண்ணே. அஞ்சு மார்க்குக்கு அதெல்லாம் கேக்கமாட்டாங்க."

அந்த ராஜா செய்தது எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பட்டறையில் வெல்டிங் பண்ணும்போதுகூட நினைத்துக்கொள்வேன்.

சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம் வந்தது. மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மனுக்குத் தாலி கட்டுகிற நேரத்தில் சுமங்கலிகள் பழைய கயிற்றை மாற்றிப் புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கூட்டத்தில் கயிறும் மஞ்சளும் குங்குமமும் வைத்த சின்னப் பொட்டலத்தைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். கல்யாணமான வருசத்திலிருந்து என் வீட்டுக்காரிக்கு அதை நான்தான் வாங்கிவருவேன். கூட்டம் அவளுக்கு ஆகாது.

போன வருசம் துக்கத்தில் போகவில்லை. இந்த வருசம் போனேன். மங்கள வாத்தியம் முழங்கினதும் சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் கழுத்தில் கைவைத்துக்கொண்டார்கள். எனக்குக் கண் மறைத்துவிட்டது. அந்த நேரத்தில் ஒருவர் பொட்டலம் நீட்டினார், பழக்கத்தில் என் கை போய் வாங்கிக்கொண்டது. வெளியே சித்திரை வீதிக்கு வந்த பிறகுதான், யாருக்கு வாங்கினோம் என்று உறைத்தது. அம்மன் பிரசாதம், கீழே போடக்கூடாது, திருப்பிக் கொடுக்கவும் கூடாது. ஷேர் ஆட்டோவில் வில்லாபுரம் வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். எதிர்வீட்டு அம்மாவும் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் பஜனைக்கு வருகிற அம்மாக்கள் இரண்டு பேரும் அதே ஆட்டோவில்தான் வந்தார்கள்.

இறங்கும்போது அந்தப் பெண் வாசலில் நின்றாள். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "இந்தாம்மா, கயிறு. மாத்திக்க" என்று அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவளும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்.

எதிர்வீட்டு அம்மாவிடம் கொடுத்து, 'மாடியில குடுத்துருங்க' என்று சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. ஒரு பெண் ஆம்பிளை கையால் தாலிக்கயிறு வாங்குவது கட்டின புருசனிடம் மட்டும்தான். இத்தனை வருசம் குடித்தனம் நடத்தினவனுக்கு இது தெரியாதா? தெரியும். வீட்டில் எடுத்துச்சொல்ல ஆள் இல்லாமல் போனதால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

நாலாம் நாள் பட்டறைக்குப் பக்கத்து லேத்துக்காரர் டீ கிளாஸோடு வந்தார். என் வயசுக்காரர்தான்.

"என்ன மாப்ள, புது மாப்பிள்ளையாமே. கயிறெல்லாம் குடுத்துட்டியாம், விருந்து எப்ப?"

சிரிக்க முயற்சி பண்ணினேன், வரவில்லை. அவரும் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மகன் பேசினான்.

"அப்பா, நீங்க அப்படி ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு யோசிங்க. ஓசூர் வரைக்கும் வந்துருச்சு. அவங்களைக் காலி பண்ணச் சொல்லிருங்க."

"பரிட்சை முடியட்டும்டா."

"பாத்தீங்களா, இதைத்தான் சொல்றாங்க."

அந்தப் பெண் படியில் வந்து உட்காருவதை நிறுத்திவிட்டாள். மாடியில் முணுமுணுவென்று படிக்கிற சத்தம் மட்டும் இறங்கி வரும். அது நின்றுவிடக்கூடாது, ஊர்ப் பேச்சு மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் இந்தச் சாக்கே போதும், பரிட்சையை நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் என் பயமெல்லாம். சாமி முன்னால் நின்று என்னையே கேட்டுப் பார்த்தேன், மனசில் ஒன்றுமே இல்லையா என்று. தப்பான நினைப்பு இல்லை. ஆனால் தினமும் விளக்கேற்றுகிற நேரத்துக்காக மதியத்திலிருந்தே காத்திருந்தேன் என்பது உண்மை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. சாமிக்குத் தெரிந்திருக்கும்.

சங்கடஹர சதுர்த்தி அன்று பிள்ளையார் கோயிலில் நாற்பது பேர் இருப்பார்கள். தீபாராதனை முடிந்து சுண்டல் கொடுக்கிற நேரம். எனக்கு அந்த ராஜா நினைவு வந்துவிட்டார். எழுந்து நின்று தொண்டையைச் செருமினேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. அன்னைக்குப் பிரசாதத்தைத் தெரியாத்தனமா நான் குடுத்தேன். எனக்கு அந்தப் பிள்ளை தங்கச்சி. இதுல தப்பு நினைக்கிறவங்கதான் வெக்கப்படணும்."

சபை அமைதியாகத்தான் இருந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அப்போது பின்வரிசையில், தெருக்கோடிக்குப் புதுசாகக் குடிவந்த ஒரு அம்மா பக்கத்து ஆளிடம் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

"எந்த வீட்டுப் பொண்ணு?"

பக்கத்தில் இருந்தவர் மெதுவாக விவரமாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் அவள் கீழே வந்தாள். உட்காரவில்லை.

"ஏண்ணே பேசினீங்க? பத்து நாள் சும்மா இருந்திருந்தா தானா அடங்கியிருக்கும்."

"அந்த ராஜா பேசினாரே..."

"அவரு ராஜாண்ணே. அவரு பேசினா வாயை மூடுவாங்க. நீங்க பேசினா யாரு என்னன்னு கேப்பாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படிக்காத பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள்.

அடுத்த வாரமே புருசன் சூரத்திலிருந்து வந்தார். நல்ல மனுசர். சட்டையைக்கூட மாற்றாமல் முதலில் என்னிடம்தான் வந்தார்.

"உங்க மேல ஒண்ணும் இல்லைண்ணே. எங்கம்மா ஊர்ப் பேச்சைக் கேட்டு அழுதுக்கிட்டே இருக்காங்க. நாயக்கர் மகால் பக்கம் எங்கம்மா வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

"பரிட்சை எழுதட்டும் தம்பி. ரெண்டு வாரம்தான் இருக்கு. நான் வேணா ஓசூருக்குப் போயிர்றேன், மாடியிலேயே இருக்கட்டும்."

அவர் தரையைப் பார்த்தபடி, "பாப்போம்ணே" என்றார். சாமான் ஏற்றுகிற வண்டி நின்ற நேரத்தில் நான் வெளியே வரவில்லை. வந்தால் அதையும் எதிர்வீட்டில் இருந்து பார்ப்பார்கள். உள்ளே உட்கார்ந்து, படியில் யார் இறங்குகிறார்கள் என்று காலடியை வைத்தே தெரிந்துகொண்டேன். கடைசியாக மகள் ஓடி இறங்கியது.

பரிட்சைத் தேதி எனக்குத் தெரியும். வியாழக்கிழமை, பத்து மணி. பசுமலை பஸ்ஸில் ஏறிப் போய், கல்லூரி வாசலில் எட்ட நின்று வருகிறாளா என்று பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். யாராவது பார்த்தால் எழுதுகிற பிள்ளையையும் கெடுத்தவனாவேன். அதனால் எட்டரை மணிக்கு அர்ச்சனைத் தட்டோடு பிள்ளையாரிடம் போய் நின்றேன்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம்?" என்றார்.

இரண்டும் எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரி இருந்தபோது எங்கள் வீட்டு ஆட்களோடு மாடிக்காரர்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் அர்ச்சனை பண்ணுவாள். ஆனால் எனக்குப் பின்னால் பஜனைக்கார அம்மாக்கள் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றேன்.

"எப்பவும் மகன் பேருக்குத்தானே பண்ணுவீங்க?"

"இன்னைக்கு சாமி பேருக்கே."

அவர் உள்ளே போனார். மணிச் சத்தம் நின்ற பிறகும் கண்ணைத் திறக்காமல் நின்றேன். அவள் பரிட்சை எழுதினாளா என்று இதுவரை எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்டாலும், எதுக்குக் கேக்குறீங்க என்பார்கள்.