படத்தை வைக்காத அம்மாள்

ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் அந்த மெக்சிகோ அம்மாளைப் பார்த்தேன். நரைத்த சடை, கையில் ஓர் இளைஞனின் போட்டோ. சாரல் விழ விழ அதைச் சால்வையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அருவிக்கரையில் தர்ப்பணம் கொடுப்பவர்களைக் காட்டி, மகனுக்காகத் தானும் செய்யலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். புரோகிதரிடம் அழைத்துப்போனேன்.

அவர்கள் ஊரிலும் இறந்தவர்களுக்கு ஒரு நாள் உண்டாம். படத்தை வைத்து, கேந்திப்பூ தூவி, பிடித்ததைச் சமைத்து வைத்தால் வீட்டுக்கு வருவார்களாம்.

“இவன் படத்தை வைக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. இங்கேயாவது முடித்துவிட்டுப் போகிறேன்” என்றார்.

புரோகிதர் எள்ளை எடுத்தபடி, “பையன் எப்பம் தவறுனாம்னு கேளுங்க அண்ணாச்சி” என்றார்.

கேட்டேன். வேலைக்குப் போனவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றார். அதைத் தமிழில் சொன்னேன்.

புரோகிதர் எள்ளைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டார். “அப்பம் வேண்டாம். உசுரோட இருக்கவனுக்கு எள்ளு விடப்பிடாது. நாளைக்கே வந்து நின்னாம்னா?”

அதையும் அப்படியே சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அம்மாள் புரோகிதரையே பார்த்தார்.

“அவனைப் பற்றி இவருக்கு ஏதாவது தெரியுமா? கேளுங்கள்.”

அதைத் தமிழில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.