பென் டிரைவோடு வந்த பேராசிரியர்

நோயாளிகளின் விவரங்களை வெளியாட்களுக்குக் காட்டவும் வேண்டும், கொடுத்துவிடவும் கூடாது. இதுதான் என் வேலை. மதுரையில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறேன். வெளி ஆராய்ச்சியாளர்கள் எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கணக்குப் போடலாம். முடிவை மட்டும் நான் சரிபார்த்து வெளியே விடுவேன். ஆபீஸில் யாருக்காவது பாஸ்வேர்டு வாங்கிக் கொடுத்துப் படாதபாடு பட்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பார்சல் கிடையாது

மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் யார், ஏன் என்று ஆராய, பசுமலையில் ஒரு கல்லூரியிலிருந்து புள்ளியியல் பேராசிரியர் வந்தார். ரகசியம் காப்பதாக உறுதிமொழியில் கையெழுத்துப் போட்ட கையோடு, சட்டைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினார். அதற்கு இங்கே இடமில்லை, நீங்கள்தான் உள்ளே வர வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன்.

அவர் பென் டிரைவை மறுபடி பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஓட்டல் நடத்திக்கிட்டு பார்சல் கிடையாதுங்கிறீங்களே தம்பி."

ரகசிய எண்

உள்ளே நுழைய, போனுக்கு ஒரு எண் வரும். ஒரு நிமிடம்தான் ஆயுள். பேராசிரியர் படிவத்தில் எழுதியிருந்தது மனைவியின் நம்பர். எந்தப் படிவம் என்றாலும் அவருக்கு அந்த நம்பர்தான் கைக்கு வருமாம். அந்த அம்மா டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். இவர் ஸ்பீக்கரில் கேட்க, அவர் அங்கிருந்து சத்தமாக வாசித்தார். இவர் தேடித் தட்டி முடிப்பதற்குள் நிமிடம் முடிந்து புது எண் வரும். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டியதை யாரும் மதிக்கவில்லை.

மூன்றாவது தடவை அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சிம்மக்கல் ஸ்டாப்ல கூட்டத்துல நசுங்கிக்கிட்டு இருக்கேன், எம்புட்டு தடவை கத்துறது? கண்டக்டருக்கே மனப்பாடமாயிருச்சு."

பெயர் இல்லை

நம்பரை மாற்றிவிட்டு, பழகுவதற்காகப் பட்டியலில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினேன். பெயர், போன், கதவு எண் எல்லாவற்றையும் நானே நீக்கியிருந்தேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார்.

வீடு தேடிப்போய் மாத்திரை கொடுக்கும் எங்கள் களப்பணியாளர் குமாரி அக்கா, அடுத்த முறை வழி தவறாமலிருக்க ஒரு குறிப்பு எழுதி வைப்பார். அந்தக் கட்டத்தை நான் நீக்கவில்லை. 'வில்லாபுரம், மாவு மில் சந்து, பச்சை கேட், டெய்லர் வீடு, மூத்த பொண்ணு' என்று இருந்தது. தெருவையும் கேட்டின் நிறத்தையும் மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன், அந்த அளவுக்காவது புத்தி வந்திருக்கிறது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, பேரு இல்லதான். ஆனா ஞாயித்துக்கிழமை இந்தப் பொண்ணு நிச்சயத்துக்கு நான் போகணும், எங்க வீட்டுக்கு அடுத்த வீடு."

மன்னிப்பு

திரையை மூடினேன். வெட்கமாக இருந்தது, அதைவிட பயமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நோய் குணமாகி ஒரு வருஷமாகிறது. எங்களை நம்பித்தான் விவரம் சொன்னாள். என் கவனக்குறைவால் நிச்சயம் நின்றுபோனால் நான் என்ன பதில் சொல்வேன்? தவறை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன், எல்லாப் பட்டியலிலும் அந்தக் கட்டத்தை நீக்கினேன். பிறகு குமாரி அக்காவின் போனிலிருந்து அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள்: "மாப்பிள்ளைகிட்ட, அவரு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே நான் சொல்லிட்டேன். ஆனா அவுங்க வீட்டுல இன்னும் தெரியாது. அதை எப்பச் சொல்றதுன்னு நான்தான் முடிவு பண்ணணும் சார், உங்க கம்ப்யூட்டர் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் நிச்சயத்துக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டு, மனைவியிடம்கூட மூச்சு விடாமல் திரும்பினார்; நான் போட்டு வைத்த இத்தனை பூட்டிலும் கசியாமல் நின்றது அவர் வாய் ஒன்றுதான்.