ஐந்தாவது கல்

2024 ஜனவரி 25, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பினேன். டீ குடித்துக்கொண்டே டைரியில் அன்றைய வேலைகளை எழுதினேன்: கொடிக்கம்பத்துக்கு இரண்டாவது கோட் பெயின்ட், பந்தல்காரருக்கு போன், மாலைக்குச் சொல்வது. ஆறரைக்கு, தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற டியூப் லெவலையும் நூல்கண்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

நான் சின்னமனூரில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசர். அந்த வாரம் லீவு போட்டிருந்தேன். மார்க்கையன்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் ஊரிலிருந்து ராணுவத்துக்குப் போய் உயிர்விட்டவர்கள் ஐந்து பேர். அவர்களுக்காக ஊர்க்காரர்களே சேர்ந்து பஸ் ஸ்டாப் பக்கத்தில் கட்டிய நினைவிடத்தை மறுநாள் குடியரசு தினத்தில் திறப்பதாக இருந்தது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் அங்கே நடந்ததை எழுதுகிறேன்.

1. பந்தல் கல்

நினைவிட வேலைக்குத் தலைவர் சுபேதார் மாமா. பட்டாளத்தில் இருபத்தெட்டு வருடம் சர்வீஸ் போட்டுவிட்டு வந்தவர். உறவு இல்லாதவர்களுக்கும் அவர் மாமாதான். எங்கள் ஊர் விவசாயி ஜெயராஜ் தன் திராட்சைத் தோட்டத்தை அழித்து வாழை வைத்தபோது, பந்தலைத் தாங்கி நின்ற கல்தூண்களை வரப்பில் அடுக்கி வைத்திருந்தான். அவற்றில் ஐந்தைப் பொறுக்கி ஏழடிக்கு வெட்டினோம். கம்பி கோத்த துளைகளை அடைக்கவில்லை. ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் ஒரே அளவு கீழே, பேர் பொறித்த சின்ன கிரானைட் பலகை பதித்தோம்.

சாலையிலிருந்து வாய்க்கால் கரை வரை ஒரே வரிசை. முதலில் இறந்தவர் சாலைப் பக்கம், கடைசியாக இறந்தவர் வாய்க்கால் பக்கம். கட்டடத்தில் தூண் நிறுத்துகிற வழக்கப்படியே செய்தேன். டியூப் லெவல் பிடித்து ஐந்து கல்லின் தலையும் ஒரே மட்டத்தில் வரும்படி குழி வெட்டினோம். அடியில் ஓர் அடி கான்கிரீட், அதற்கு மேல் மண். பொங்கலுக்குள் கல்லை நட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் தரை வேலையைப் பின்னுக்குத் தள்ளியிருந்தோம். சாலையில் நின்று பார்த்தால் ஐந்து தலையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருந்தன. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

2. தண்ணி சரியா நிக்குது

அன்று ஒன்பது மணிக்கு, இறந்தவர்களின் குடும்பத்தார் பார்க்க வந்தார்கள். முதல் கல்லுக்கு உரியவரின் மகன் சீனிவாசன் உரக்கடை வைத்திருப்பவர். சுற்றி வந்து, "நல்லா வந்திருக்குப்பா" என்றார்.

ஐந்தாவது கல் முருகேசனுடையது. அவன் அக்கா பஞ்சவர்ணம் கிழக்குத் தெரு. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோட்டக் கூலிக்குப் போய் வளர்த்து பட்டாளத்துக்கு அனுப்பியவள். அவள் நேரே தம்பி கல்லுக்குப் போனாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு முதல் கல்லருகே வந்து நின்றாள். மறுபடியும் ஐந்தாவது கல்லுக்குப் போனாள்.

"அண்ணே, இங்கன வாங்க."

போனேன்.

"அங்கன பேரு என் மூஞ்சிக்கு நேரா இருக்கு. இங்கன நெஞ்சுக்குக் கீழ இருக்கு. என் தம்பி கல்ல மட்டும் ஏன் வெட்டுனீக?"

"வெட்டலம்மா. அஞ்சும் ஏழடிதான். தலை மட்டம் பாரு."

டியூப் லெவலை எடுத்து, ஒரு முனையை ஜெயராஜிடம் கொடுத்து முதல் கல்லில் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையை ஐந்தாவதில் பிடித்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் கல்லின் தலைக்கு நேராக நின்றது. பஞ்சவர்ணம் அதைப் பார்த்தாள்.

"தண்ணி சரியாத்தான் நிக்குது. என் தம்பி நிக்கலயே. மத்த நாலு பேருக்கும் நிமிந்து மாலை போடுவீக. இவனுக்கு மட்டும் குனிஞ்சு போடணுமா?"

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். சாலையிலிருந்து வாய்க்கால் கரைக்கு நிலம் ஓர் அடி ஏறுகிறது. தலை மட்டம் சரியாக வர, மேட்டுப் பக்கக் கற்கள் ஆழமாக இறங்கியிருந்தன. ஐந்தாவது கல் முதல் கல்லைவிட ஓர் அடி குறைவாகத்தான் மண்ணுக்கு மேல் தெரிந்தது.

"இவகளுக்கு எதைச் செஞ்சாலும் குத்தந்தான்" என்றார் சீனிவாசன். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் கேட்டுவிட்டது.

பஞ்சவர்ணம் திரும்பினாள். "கோயில்ல கடைசி, கொழாயடியில கடைசி. செத்ததுக்கப்புறமும் கிழக்குத் தெருன்னா குட்டையாத்தான் நிக்கணுமாக்கும்? அவன் உங்களுக்கும் சேத்துத்தானே போனான்?" சுபேதார் மாமாவிடம் போய், "பேர எடுத்துருங்க மாமா. நாளைக்கு நான் வரல. எங்க தெருவுல ஒருத்தரும் வர மாட்டாக" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

3. மேட்டை வழிப்பது

மாமா என்னைப் பார்த்தார். "இப்ப என்னடா செய்ய? நாளைக்குப் பத்து மணிக்குத் தெறந்து வைக்க ரிட்டயர்டு கர்னல் வாராரு. கல்லப் பிடுங்கி நடவா?"

"பிடுங்கினா கான்கிரீட் உடையும். நாளைக்குள்ள செட் ஆகாது."

"அப்ப விடு. பொறவு பாத்துக்குவோம். அந்தப் பிள்ளைய நான் சமாதானம் பண்றேன்."

"மாமா, உங்க ரெஜிமென்ட்ல அஞ்சு பேர மேட்டுலயும் பள்ளத்துலயும் நிறுத்தி வரிசை பாப்பாகளா?"

மாமா கல் வரிசையை ஒரு முறை பார்த்தார். "கிரவுண்ட மட்டம் பண்ணிட்டுத்தான் நிறுத்துவோம்" என்றார்.

எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. கல்லெல்லாம் ஒரே நீளம், தலையும் ஒரே மட்டம் என்றால் அடியும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். மேட்டு மண்ணை வழித்துத் தரையைச் சமமாக்கினால் போதும். கல்லைத் தொட வேண்டாம், கான்கிரீட்டும் வெளியே தெரியாது. வாய்க்கால் பக்கம் வெட்டாமல் நிற்கும் ஓர் அடிக் கரை சரியாமலிருக்க உடைகல் அடுக்கிவிடலாம்.

ஜேசிபி வேண்டாம் என்றேன். பக்கெட் லேசாக இடித்தாலும் கல் ஆடிவிடும். மண்வெட்டி வேலைதான்.

"இந்தக் கல்லுக தோட்டத்துல பத்து வருசம் நின்னுச்சுக. ஒருநாள் இப்படிச் சண்டை போட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஜெயராஜ் டிராக்டரை எடுத்து வந்தான். மாமாவுக்கு முழங்கால் முழுதாக மடங்காது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தபடியே ஐந்தாவது கல்லைச் சுற்றி மண்ணைச் சுரண்டினார்.

"மாமா, ஸ்டூலு எறங்குது, பாத்து" என்றான் ஜெயராஜ்.

"பனிமலையிலயே பங்கர் தோண்டுனவன்டா. நீ மண்ணுத் தட்டத் தூக்கு."

மதியத்துக்கு மேல் சீனிவாசன் வந்தார். கடையிலிருந்து நாலு மண்வெட்டியும் தட்டுகளும் கொண்டுவந்திருந்தார். சட்டையைக் கழற்றித் தன் அப்பா கல்லின் துளையில் செருகிய குச்சியில் மாட்டினார். நேரே மேட்டுப் பக்கம் போய் வெட்ட ஆரம்பித்தார்.

நான்கு மணிக்கு மாமா ஸ்டூலிலிருந்து எழுந்து கிழக்குத் தெருவுக்குப் போனார். திரும்பி வந்தவரிடம், "என்ன சொன்னாக?" என்று கேட்டேன்.

"கதவத் தெறந்துச்சு. என் கையப் பாத்துச்சு. மேட்ட வழிக்கிறோம்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். அவர் கையில் மண் காய்ந்திருந்தது.

இருட்டுவதற்குள் வழித்து முடித்தோம். நூலை இந்த முறை கல்லின் தலையில் கட்டவில்லை, தரையில் கட்டினேன். ஐந்து கல்லும் மண்ணுக்கு மேல் ஐந்தரை அடி நின்றன.

இளைய சூப்பர்வைசர்களுக்கு ஒன்று சொல்வேன். மட்டம் பார்ப்பது நம் வேலை, அதில் தவறக் கூடாது. ஆனால் நாம் தூரத்தில் நின்று பார்க்கிறோம். கட்டியதைப் பயன்படுத்துகிறவர் பக்கத்தில் நிற்பார். அன்றிலிருந்து எந்த வேலையையும் ஒப்படைப்பதற்கு முன், அங்கே நிற்கப்போகிறவரைக் கூப்பிட்டு ஒரு முறை நிற்கச் சொல்கிறேன். சமையல் மேடை என்றால் அந்த வீட்டில் சமைக்கிறவர். கோயில் படி என்றால் ஏறச் சிரமப்படுகிறவர்.

மறுநாள் ஆறரைக்கு நான் போனபோது பஞ்சவர்ணம் வந்திருந்தாள். கிழக்குத் தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சாலை ஓரத்திலேயே நின்றார்கள். அவள் கையில் ஒரு செவ்வந்தி மாலை. முதல் கல்லருகே போய் நின்று, தன் நெற்றியிலிருந்து உள்ளங்கையை நேராக நீட்டிப் பலகையைத் தொட்டாள். இரண்டாவது கல்லிலும் அப்படியே செய்தாள். மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதில் கை தம்பி பேர்மேல் பட்டதும் அங்கேயே நின்றுவிட்டாள்.

மாமா பின்னால் வந்து சொன்னார்: "கர்னலுக்காகக் காத்திருக்க வேண்டாம் ஆத்தா. மொத மாலைய நீயே போடு."

நிமிர்ந்து நின்றபடியே போட்டாள்.