என் மேசையில் மவுஸ் கிடையாது

ஆபீசில் என் மேசைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன வரையிற?" என்பதுதான். நான் ஒன்றும் வரைவதில்லை. தீபாவளிக்குக் கோலம் போடச் சொன்னால் நாலு புள்ளிக்கு மேல் எனக்கு வராது. நான் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் கிளார்க். கண்டெய்னர் எப்போது வருகிறது, எந்த லோரி போகிறது, சுங்கப் பாரத்தில் எந்தக் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும், இதுதான் என் கலை வாழ்க்கை. ஆனால் என் மேசையில் மவுஸ் கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பலகையும் மையில்லாத பேனாவும் இருக்கின்றன. பலகைமேல் பேனாவை நகர்த்தினால் திரையில் அம்பு நகரும், தட்டினால் கிளிக். படம் வரைகிறவர்கள் வாங்கும் சாமான். அதை வைத்து நான் மெயில் திறக்கிறேன், எக்செல் நிரப்புகிறேன், மதியத்துக்கு மசால் தோசை ஆர்டர் பண்ணுகிறேன்.

ஏன் இது என்று கேட்டால் மணிக்கட்டு வலி என்பேன். பச்சைப் பொய். என் மணிக்கட்டு தேங்காயை ஒரே போடில் உடைக்கும். காரணம் எங்கள் மேனேஜரின் வலது கை.

மேனேஜர் நல்லவர் என்று ஊரே சொல்லும். கோயில் கமிட்டியில் இருக்கிறார். ஆபீஸ் பெண்கள் எல்லோரும் அவருக்குத் 'தங்கச்சி'. திரையில் எதையாவது காட்ட வேண்டுமென்றால் வாயால் சொல்ல அவருக்கு வராது. நாற்காலிக்குப் பின்னால் வந்து, இடது கையை என் சாய்மானத்தில் ஊன்றி, குனிந்து, வலது கையால் மவுஸைப் பிடிப்பார். அந்த நேரத்தில் மவுஸில் என் கை இருக்கும். அதை அவர் ஒரு தடங்கலாக நினைத்ததே இல்லை. நான் கையை உருவுவதற்குள் அவர் கை மேலே உட்கார்ந்திருக்கும். காலையில் சாப்பிட்ட நாசி லெமாக் சம்பல் என் காதோரம் மணக்கும். "இங்க பாரு தங்கச்சி, இப்படித்தான்." எதை? நான் தினமும் நாற்பது முறை நிரப்பும் பாரத்தை, அதில் ஒரு கட்டம்கூடத் தெரியாத மனிதர் எனக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பாடம். ஆறு வருடம் படித்தேன்.

மவுஸை இடது பக்கம் மாற்றினேன். அவரும் இடது பக்கம் வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் கையை எடுத்துப் பார்த்தேன். "ஏன் தங்கச்சி பயப்படுற, நான் என்ன கடிச்சிருவேனா?" என்றார். மொத்த ஆபீசும் சிரித்தது. பக்கத்து மேசை அக்காவிடம் சொன்னேன். அந்த அக்கா கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறவர். கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்.

"அவரு அப்படித்தான் லா. கெட்ட எண்ணம் இல்ல. நம்மதான் பெருசா எடுத்துக்கக் கூடாது."

ஒருநாள் முதலாளிக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். 'மவுஸைத் தொடுகிறார்' என்று ஒரு வரி அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. கம்பெனி மவுஸ், கம்பெனி மேனேஜர், தொட்டால் என்ன என்றுதானே கேட்பார்கள்? அழித்துவிட்டேன்.

வழி அம்பாங்கில் கிடைத்தது. அங்கே என் கூடப்பிறந்த அக்கா வீடு. அவள் மகள் கார்ட்டூன் படம் செய்யும் படிப்பு படிக்கிறாள். அவள் கம்ப்யூட்டரில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்று மவுஸைத் தேடினேன், இல்லை. பேனாவை எடுத்தேன். அம்பு திரையில் தலைதெறிக்க ஓடியது.

"ஐயோ சின்னம்மா, வைங்க! பழகாதவங்க கைக்கு அது வராது."

அந்த வார்த்தை எனக்குத் தேன் மாதிரி இனித்தது. மறுநாளே கோலாலம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் நின்றேன். கடைக்காரர், "ஆர்ட்டிஸ்ட்டா அக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார். கிளார்க் என்றேன். மரியாதை அங்கேயே முடிந்தது. இருப்பதிலேயே சின்னப் பெட்டியை எடுத்து நீட்டினார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாரம் தனியாக மாரடித்தேன். மவுஸை இழுத்து இழுத்துப் பழகிய கைக்கு இது வேறு உலகம். பலகையின் மூலைதான் திரையின் மூலை. எங்கே வைக்கிறோமோ அங்கே போய் நிற்கும். ஒருமுறை தட்டினால் இருமுறை திறந்தது, இருமுறை தட்டினால் ஒன்றுமே நடக்கவில்லை. போட்டோக்கள் இருந்த ஃபோல்டரை இழுத்துக் கரண்ட் பில் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு மூன்று நாள் தேடினேன். பேனாவைக் கொண்டையில் சொருகிக்கொண்டு வீடு முழுக்கப் பேனாவைத் தேடிய நாளும் உண்டு. போகட்டும், பழகிவிட்டது.

ஆபீசுக்குக் கொண்டுபோன அன்று மவுஸைக் கழற்றி, வயரைச் சுருட்டி, கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். முதலில் சிரித்தது பக்கத்து மேசை அக்காதான், அதுவும் வாய்விட்டு.

"பாலர் பள்ளியில சேந்துட்டியா? சிலேட்டு இருக்கு, பல்பம் இருக்கு. தண்ணி பாட்டல் எங்க?"

லோரி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் டெலிவரி ஆர்டர் வாங்க வந்தவர், மகன் பிறந்தநாளுக்குப் பேனர் வரைந்து தரச் சொன்னார். வரையத் தெரியாது என்றால் நம்பவில்லை. பொருளை வைத்துக்கொண்டு பிகு பண்ணுகிறேன் என்று முகம் தூக்கிக்கொண்டு போனார்.

பதினோரு மணிக்கு மேனேஜர் வந்தார். பின்னால் நின்றார், குனிந்தார், வலது கை தன் பாட்டுக்குக் கீழே இறங்கியது. வெறும் மேசை. அந்தக் கை அங்கேயும் இங்கேயும் தடவித் தேடியதே, அதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

"மவுஸ் எங்க?"

"மணிக்கட்டு வலி சார். இனிமே இதுதான்."

"குடு, குடு." பேனாவை என் விரலிலிருந்து பிடுங்கினார். பிடுங்கி நேராகத் திரையில் குத்தினார். திரை அசையவில்லை. இன்னும் பலமாகக் குத்தினார். பலகையில் வைக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். வைத்தார். செக்கில் கையெழுத்துப் போடுவதுபோல் அழுத்தி இழுத்தார். ஏழெட்டுப் பெட்டிகள் படபடவென்று திறந்தன. நான் பாதி எழுதி வைத்திருந்த மெயில் கஸ்டமருக்குப் பறந்தது. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது.

"இது ரிப்பேரு சாமான். திங்கக்கிழமைக்குள்ள டாக்டர் லெட்டர் கொண்டா தங்கச்சி. இல்லன்னா மரியாதையா மவுஸுக்கு மாறிடு."

ஆக, லெட்டர் கிடைத்தால் என் கை எனக்கு. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் பாடம். சனிக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. வீண்பேச்சு கிடையாது. என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"இங்க வலிக்குதா?"

"ஆமா டாக்டர்."

"இங்க?"

"ஐயோ, ரொம்ப!"

"அங்க வலிக்கவே கூடாதேம்மா," என்றார். பிறகு கையை விட்டுவிட்டு, "எப்ப வலிக்குது, அதச் சொல்லுங்க," என்றார்.

எனக்கு நடிப்பும் வராது, வரைவதுபோலத்தான். "மேனேஜரு பின்னால வந்து நின்னா வலிக்கும்," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தன வருஷமா?"

"ஆறு."

அவர் லெட்டர்ஹெட்டை இழுத்து இரண்டு வரி எழுதினார். மவுஸ் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும் என்பது முதல் வரி. நாற்காலியைச் சுற்றி யாரும் நெருங்காமல் போதிய இடம் விட வேண்டும் என்பது இரண்டாவது. முதல் வரி நான் கேட்டது, இரண்டாவது அவரே போட்டுக்கொடுத்தது.

"இது உங்க கைக்குத்தாம்மா," என்று மடித்து நீட்டினார். "அவரு கைக்கு நான் மருந்து எழுத முடியாது."

அந்த லெட்டருக்குப் பிறகு ஆபீசில் நடந்த கூத்தைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். மேனேஜர் என் மேசைக்கு நாலு அடி தள்ளி நிற்க வேண்டி வந்தது. தள்ளி நின்றால் பேச வேண்டும். பேச வேண்டுமென்றால் எதற்கு என்ன பெயர் என்று தெரிய வேண்டும். பாவம், தெரியாது.

"அந்த... மேல இருக்குல்ல, நீலமா... அது இல்ல, பக்கத்துல. ஆங், அத அமுக்கு. அது இல்ல லா!"

"எது சார்?" என்று நான் பேனாவை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். மூன்றாவது "எது சார்?"-க்கு அவரே, "சரி, நீயே பாத்து செஞ்சிடு," என்று போய்விடுவார். ஆறு வருடமும் நானேதான் பார்த்துச் செய்தேன் என்பது வேறு விஷயம். மூன்று வாரம் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கொமுட்டர் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

நாலாவது வாரம் என் திரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் "இங்க பாரு தங்கச்சி" என்று கேட்டது. என்னை இல்லை. திரும்பினேன். மேனேஜர் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்துகொண்டிருந்தார். அக்கா கையை உருவிய வேகத்தைப் பார்த்தேன். அவர் கை இறங்குவதற்கு முன்பே அக்காவின் கை மடியில் இருந்தது. புதிதாகப் பழகும் கைக்கு அந்த வேகம் வராது. எனக்கு ஆறு வருடத்தில் ஒருநாளும் வந்ததில்லை.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். அக்கா டிபனைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசையருகே வந்து நின்றார்.

"அந்தப் பலகைய எங்க வாங்குன?"

விடுவேனா? "ஏங்க்கா, பாலர் பள்ளியில சேரப்போறீங்களா?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "மணிக்கட்டு வலிக்குது," என்றார்.

எனக்கு விளையாட்டு அடங்கிவிட்டது. "எப்பருந்துக்கா?"

"அவரு மேனேஜரா வந்ததுலருந்து. பதினேழு வருஷம் இருக்கும்." டிபன் மூடியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "நீ வந்து இங்க உக்காந்தப்புறம் வலி இல்ல. இப்பத் திரும்ப வந்துருச்சி."

வந்தது பாருங்கள் எனக்கு ஒரு கோபம்! ஆறு வருடம் என் கைமேல் அந்தக் கை இருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு, பெருசா எடுத்துக்காதே என்று சொன்னது இந்த அக்காதான். நான் வந்து உட்கார்ந்தது அவருக்கு ஆறு வருட லீவு. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் கடந்த மூன்று வாரமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அந்தக் கை எங்கே போயிற்று என்று ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் ரயிலில் சிரித்துக்கொண்டிருந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா போகவில்லை. "அந்த டாக்டரம்மா கிளினிக்கு எங்க இருக்கு, அதையாவது சொல்லு," என்றார்.

"பலகையும் வேணாம், லெட்டரும் வேணாம்கா. நீங்க தப்பிச்சா அடுத்த மேசைக்குப் போவாரு."

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற? அவரு அப்படித்தான்..."

"எப்படி?" என்றேன். பேனாவால் தட்டி ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தேன். "அவரு அப்படித்தான், அப்படித்தான்னு இத்தன வருஷமா எல்லாரும் சொல்றோம்ல. எப்படின்னு முதலாளிக்கு எழுதுவோம். என் பேரும் இருக்கும், உங்க பேரும் இருக்கும்."

அக்கா வாசல் பக்கம் ஒருதரம் பார்த்தார். டிபனை என் மேசைமேல் வைத்தார். தன் நாற்காலியை இழுத்துவந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"மொதல் நாளுலருந்து எழுது," என்றார்.