தவக்காலத்தில் குளிசை தின்ற மீன்

இரையைக் கவ்விக்கொண்டு அந்த மீன் திரும்பும்போது தொட்டியின் மூடியில் தண்ணீர் அடிக்கிற 'பளக்' என்ற சத்தமும், உடனே எழும் விருந்தாளிகளின் சிரிப்பும், ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாசத்தோடு சேர்ந்துதான் இன்றைக்கும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வரவேற்பறையின் பாதியை அடைத்துக்கொண்டு அப்பா வளர்த்த ஒஸ்கார் மீன் அது. தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து ஆட்கள் வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணி வருவதற்கு முன்பே, கடையில் வாங்கி வைத்திருந்த சின்ன மீன்களை உயிரோடு அதற்குப் போட்டுக் காட்டுவார். "உயிரோடை போட்டாத்தான் அவருக்கு இறங்கும்" என்பார். ஒஸ்காருக்கு அவ்வளவு மரியாதை.

எங்களுடையது மன்னார்க் கடற்கரைக் குடும்பம். நான் இன்றும் மீன்குழம்பை வழித்துச் சாப்பிடுகிறவள். ஆகவே மீனைக் கொல்வதா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு இதை எழுதவில்லை. ஒஸ்காரிலும் எனக்குக் கோபம் இல்லை, பசித்தால் அது தின்னத்தான் செய்யும். ஆனால் ஆற்றில் துரத்தப்படும் மீனுக்கு ஒரு கல்லிடுக்காவது இருக்கும். ஒளிய இடமே இல்லாத கண்ணாடிப் பெட்டிக்குள் அதை இறக்கிவிட்டு, சுற்றிக் கதிரை போட்டு உட்கார்ந்து பார்ப்பதைத் தீனி போடுவது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தவக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் 'மச்சம்' கிடையாது, இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. நான் முதன்முதலாக நற்கருணை வாங்கவிருந்த அந்த வருடம் அப்பா ஒஸ்காரையும் அதில் சேர்த்துக்கொண்டு, "அவரும் எங்களோடை ஒறுத்தல்" என்று எல்லாரிடமும் பகிடி விட்டபடி, காய்ந்த உருண்டைத் தீனியையே போட்டுவந்தார். மாத்திரை மாதிரி இருந்ததால் வீட்டில் அதற்குப் பெயர் 'குளிசை'. மீன் ஒரு குறையும் இல்லாமல் அதைத் தின்று கொழுத்தது.

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு எனக்கு முதல் நன்மை. வீடு நிறைய ஆட்கள். "ஒஸ்காருக்கு இண்டைக்கு விருந்து இல்லையோ அண்ணை?" என்று ஒருவர் கேட்க, சனிக்கிழமையே மீன் வாங்கிவைக்க மறந்துபோயிருந்த அப்பா முழித்தார். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் எந்தக் கடை திறந்திருக்கும்? நேரே என் அறைக்குள் போனார். அங்கே சின்னத் தொட்டியில் என் கப்பி மீன்கள் இருந்தன. குஞ்சிலிருந்து நான் தீனி போட்டு வளர்த்தவை. நான் கிட்டப் போனாலே கண்ணாடிக்கு ஓடிவந்து மொய்க்கும்.

"அப்பா, அது குளிசை தின்னுந்தானே" என்று வெள்ளைச் சட்டையோடு பின்னால் ஓடினேன்.

"விருந்து நாளிலை குளிசையோ? ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம். நாளைக்கு வேறை வாங்கித் தாறன், பிள்ளை" என்றார் அப்பா, வலையை எடுத்தபடி.

அம்மா, "எனக்கு இதைப் பாக்க ஏலாது" என்று குசினிக்குள் போய்விட்டார். பார்க்க ஏலாதவர் தடுத்திருக்கலாம். அந்தக் கோபமும் எனக்கு ஆறவில்லை.

ஒஸ்கார் செத்து, தொட்டியும் போய், அந்த இடத்தில் இப்போது கறிவேப்பிலைச் சாடி நிற்கிறது. அன்றைக்கு என் கப்பிகளை அப்பா ஒஸ்காருக்குப் போட்டபோது எடுத்த வீடியோ மட்டும் போகவில்லை. என் முதல் நன்மை நாள் வந்தால் குடும்ப வாட்ஸப் குழுவில் யாராவது அதைப் போட, எல்லாரும் சிரிப்புப் பொம்மைகள் போடுகிறார்கள். இந்த வருடமும் பார்த்தேன். அவர்கள் ஒஸ்காரின் வாயையே பார்க்கிறார்கள். தொட்டியின் இந்தப் பக்கம், கண்ணாடியோடு ஒட்டி, வெள்ளைச் சட்டையில் நான் நிற்கிறேன். என் கப்பிகள் ஒளிய இடம் தேடவில்லை. தீனி போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து என்னிடம் வந்து மொய்க்கின்றன.